முப்பத்தாறாவது அறை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

தற்காப்புக் கலைப் படம் என்றவுடன் நம் மாணவ நண்பர்களின் நாவில் முதலில் எழுவது புரூஸ் லீயின் பெயர்தான். அதில் வியப்பில்லை. 1973ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், முப்பத்திரண்டே வயதில் மறைந்த அந்த வீரரின் படம் இன்றும் நம் ஊர் உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்களில் தொங்குகிறது. ஆனால் நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு படம். 1978இல் ஹாங்காங்கின் ஷா சகோதரர்கள் நிறுவனம் தயாரித்து, லாவ் கார்-லியுங் இயக்கி, கார்டன் லியூ நடித்து வெளிவந்த 'ஷாவோலின் மடத்தின் 36ஆம் அறை' என்பது அது. மேலை நாடுகளில் 'மாஸ்டர் கில்லர்' என்ற பெயரில் ஓடிற்று. பெயரைக் கேட்டால் கொலைக் கதை போலத் தோன்றும். படமோ ஒரு மாணவனின் கதை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்த பழைய படம் ஒன்றை இன்று பார்த்து என்ன பயன் என்று வினவுவோர் உண்டு. கணிப்பொறியின் துணையால் ஒருவன் நூறு பேரை வானத்தில் பறக்க விடுவதைக் கைப்பேசியிலேயே கண்டு களிக்கும் காலம் இது. 1999இல் வந்த 'மேட்ரிக்ஸ்' படமும் 2000இல் வந்த 'கிரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படமும் கம்பியில் தொங்கிப் பறக்கும் சண்டையை உலகம் முழுவதற்கும் பழக்கிவிட்டன. அவற்றுக்குப் பின் இந்தப் பழைய படத்தைப் போட்டால் விடுதித் தோழியர் சிரிக்கத்தான் செய்கிறார்கள். சிரிக்கட்டும். சிரிப்பதற்குப் படத்தில் இடம் இருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. எனினும் என் கருத்து இதுதான்: இந்தப் படத்தில் பழையதாகிப் போனவை எல்லாம் மேலே பூசிய பூச்சு, உள்ளே இருக்கும் சரக்கு அரசு கல்லூரி ஒன்றில் படிக்கும் நமக்கு வேறு எவரையும்விட அதிகமாக உரியது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீனாவை மஞ்சு மரபினரான சிங் பேரரசர் ஆண்ட காலம். காண்டன் நகரில் லியூ யூ-தே என்ற மாணவன், தன் ஆசிரியரின் தூண்டுதலால் ஆட்சியை எதிர்ப்போருக்கு மறைமுகமாக உதவுகிறான். தளபதி தியேன் தா இதைக் கண்டுபிடித்துவிடுகிறான். பள்ளியும் குடும்பமும் அழிகின்றன. காயத்தோடு தப்பும் மாணவன் ஷாவோலின் மடத்தை அடைகிறான். அங்கே சான் தே என்ற பெயரில் துறவியாகி, முப்பத்தைந்து அறைகளிலும் பயிற்சி பெற்று, வெளியே வந்து பகை முடிக்கிறான். அவ்வளவுதான். இப்படிச் சொன்னால் நூறு படங்களின் கதை இது. பழிவாங்கும் கதை நமக்கும் புதிதன்று. நம் கொட்டகைகள் அதிலேதான் பிழைக்கின்றன.

பழையதாகிப் போனவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுவது நேர்மை. கேமரா திடீர் திடீரென்று ஒருவர் முகத்தை நோக்கிப் பாய்கிறது. பாய்ந்த வேகத்தில் மீள்கிறது. அந்நாளில் அது புதுமையாக இருந்திருக்கும், இன்று கண்ணை உறுத்துகிறது. ஒலியைப் படப்பிடிப்புக்குப் பின்னரே சேர்த்திருப்பதால், உதடு ஒன்று சொல்ல ஓசை வேறொன்று சொல்கிறது. அடி ஒவ்வொன்றும் வண்ணான் துறையில் துணி துவைப்பது போல ஒலிக்கிறது. மலைமேல் இருக்க வேண்டிய மடத்தின் பல பகுதிகள் படப்பிடிப்புத் தளத்தில் கட்டியவை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். தாடிகள் ஒட்டுத் தாடிகள். ஆண்டுகள் பல ஓடுகின்றன, ஒருவர் முகத்திலும் ஒரு கோடு கூடவில்லை. மஞ்சு மரபினர் என்றால் எல்லாரும் கொடியவர், ஹான் சீனர் என்றால் எல்லாரும் நல்லவர். வரலாறு படிப்பவள் என்ற முறையில் இந்தக் கடைசிச் செய்திதான் எனக்கு மற்றவற்றைவிட உறுத்தலாக இருந்தது. 1644 முதல் 1912 வரை நீடித்த ஓர் ஆட்சியை இவ்வளவு எளிதாகக் கறுப்பு வெள்ளையாக்கிவிட முடியாது.

இனி அறைகளுக்கு வருவோம்.

மடத்தில் சேர்ந்தவனிடம், எந்த அறையிலிருந்து தொடங்குகிறாய் என்று கேட்கிறார்கள். அவன் எல்லாவற்றுக்கும் மேலான அறையைக் கேட்கிறான். முதலாண்டு வகுப்பில் சேர்ந்த அன்றே ஆய்வுப் பட்டம் கேட்கும் ஆர்வம்! அங்கே முதியவர்கள் அமர்ந்து சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். இவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைமைத் துறவி கையால் தொடாமலே இவனைத் தூக்கி எறிந்துவிடுகிறார். அடுத்த நாள் அடி அறையில் வந்து நிற்கிறான்.

அடி அறையில் கற்பிப்பது என்ன? உணவுக் கூடத்துக்குப் போகும் வழி. வழியின் குறுக்கே நீர்த்தொட்டி. நீரில் மிதக்கும் ஒரு கட்டைக் கட்டு. அதன்மேல் கால் வைத்துத் தாவி அக்கரை சேர வேண்டும். தவறி விழுந்து நனைந்தவன் பசியோடு கிடக்க வேண்டியதுதான். மற்றத் துறவிகள் பேச்சுவாக்கில் தாவிச் சென்று சாப்பிட உட்காருகிறார்கள். இவன் விழுகிறான், எழுகிறான், மீண்டும் விழுகிறான். இரவில் எல்லாரும் உறங்கியபின் தனியே வந்து பழகுகிறான். படத்தில் இதுவரை ஒருவரும் அவனுக்கு 'இதோ பார், உடலை இப்படி வைத்துக்கொள்' என்று பாடம் நடத்தவில்லை. பசிதான் ஆசிரியர்.

பிறகு கைவலிமைக்கான அறை. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, நீர் நிறைந்த வாளிகளைச் சுமந்து மேடேற வேண்டும். கைகளில் கத்திகளைக் கட்டியிருக்கிறார்கள். களைத்துப் போய்க் கை தாழ்ந்தால் கத்தி தன் விலாவிலேயே பாயும். பிறகு மணிக்கட்டுக்கான அறை. நீண்ட கழியின் நுனியில் கனமான சுத்தியல். கழியின் அடியைப் பிடித்துக்கொண்டு, துறவி தட்டும் தாளத்துக்கு ஏற்பப் பெரிய மணியை அடிக்க வேண்டும். தாளம் விரைய விரைய இவன் முகம் கோணுகிறது. பிறகு கண்ணுக்கான அறை. முகத்தின் இருபுறமும் புகையும் ஊதுவத்திகள். தலையை அசைக்காமல் ஆடும் விளக்கை விழியால் மட்டும் பின்தொடர வேண்டும். தலைக்கும் ஓர் அறை உண்டு. அங்கே தொங்கும் மணல் மூட்டைகளைத் தலையால் முட்டி முட்டி விலக்கிக்கொண்டுதான் புத்தரின் திருமுன் சென்று சேர முடியும்.

படத்தின் நடுப்பகுதியில் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக இதுவே நடக்கிறது. எதிரி இல்லை, சண்டை இல்லை, காதல் இல்லை, பாட்டு இல்லை. ஒருவன் ஒன்றைச் செய்யத் தெரியாமல் தவிப்பதும், பிறகு செய்யத் தெரிந்துகொள்வதும் மட்டுமே. சிரித்துக்கொண்டிருந்த தோழியர் இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டதை நான் கவனித்தேன். கேமரா பாய்ச்சலும் ஒட்டுத் தாடியும் இங்கே யார் கண்ணிலும் படவில்லை.

ஏன்? புரூஸ் லீயின் படங்களில் அவர் வரும்போதே வீரராகத்தான் வருகிறார். 'என்டர் தி டிராகன்' படத்தின் தொடக்கத்திலேயே அவர் ஷாவோலினில் தேர்ந்தவர். நாம் கைதட்டலாம், கூடப் போக முடியாது. சான் தேயோ நம் கண்ணெதிரே ஒன்றும் தெரியாதவனாக இருந்து, அங்குலம் அங்குலமாக வளர்கிறான். 1984இல் வந்த 'கராத்தே கிட்' படத்தில் வண்டி துடைப்பதும் வேலிக்கு வண்ணம் அடிப்பதும் பயிற்சியானதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஆறாண்டு முன்னரே இங்கே வாளி சுமப்பது பயிற்சியாகிவிட்டது. ஒரு வேறுபாடும் உண்டு. அங்கே மாணவனுக்குத் தெரியாமல் ஆசிரியர் தந்திரமாகக் கற்பிக்கிறார். இங்கே தந்திரம் ஏதும் இல்லை. இது கடினம், இதைச் செய்தால்தான் அடுத்த அறை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு கடையில் வாங்கிய உரைநூலைப் புரட்டும் நமக்கு (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) இந்த முறை சற்றுக் கசக்கும்.

இந்தப் பகுதி இவ்வளவு உண்மையாக இருப்பதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. இயக்குநர் லாவ் கார்-லியுங் பிறர் சொல்லக் கேட்டுப் பயிற்சிக் காட்சி எடுத்தவர் அல்லர். அவர் தந்தை லாவ் சாம், லாம் சாய்-விங் என்ற ஆசானின் மாணவர். லாம் சாய்-விங்கோ தென் சீனாவில் புகழ்பெற்ற வோங் ஃபெய்-ஹுங்கின் மாணவர். ஹுங் கார் என்னும் தற்காப்புக் கலை மரபு இப்படிக் கை மாறி வந்தது. கார்டன் லியூவும் அதே குடும்பத்தில் வளர்ப்பு மகன் போல ஏற்கப்பட்டு, அதே தந்தையிடம் பயின்றவர். எனவே திரையில் நாம் காணும் வியர்வை ஒப்பனையாளர் தெளித்த நீர் மட்டும் அன்று. நடிகரின் உடல் முழுவதும் சட்டத்துக்குள் தெரியும்படி கேமராவைத் தள்ளி வைத்து, வெட்டாமல் நெடுநேரம் ஓடவிடுகிறார் இயக்குநர். மறைக்க வேண்டியது ஏதும் இல்லாதவர்தான் இப்படிச் செய்ய முடியும். இற்றைப் படங்களில் ஒரு குத்துக்கு மூன்று வெட்டு. குத்தியவர் யார், குத்து வாங்கியவர் யார் என்பதை ஓசையைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே நம்மவர் ஒரு கேள்வியை எழுப்பக்கூடும். ஷாவோலின் கலையே காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் கொடுத்தது அன்றோ? 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பின் இந்தப் பேச்சு நம் ஊரில் பெருகிவிட்டது. போதிதருமர் தென்னாட்டினர் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்வதும், காஞ்சியோடு அவரை இணைக்கும் மரபு இருப்பதும் உண்மை. ஆனால் அவர் மற்கலை கற்பித்தார் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் நூல் அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியது. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெருமை கொள்ள நமக்கு வேறு பல செய்திகள் இருக்கின்றன. அந்தப் படத்தை நம் சொத்தாக்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், அதற்கு இதைவிட நல்ல வழி படத்துக்குள்ளேயே இருக்கிறது.

அதுதான் முப்பத்தாறாவது அறை. முப்பத்தைந்து அறைகளையும் வேறெவரும் கடக்காத விரைவில் கடந்துவிட்ட சான் தேயின் முன் ஒரு சோதனை நிற்கிறது. மடத்தின் ஒழுக்கக் காவலரான துறவி இரட்டை வாளோடு எதிர்நின்று அவனைத் தோற்கடிக்கிறார். மீண்டும் தோற்கடிக்கிறார். மூங்கிலைப் பார்த்துப் பிறந்த எண்ணத்தால் மூன்று துண்டாக மடங்கும் ஒரு கழியை அவன் தானே ஆக்கிக்கொண்டு வந்து வெல்கிறான். படத்தின் மிக நல்ல சண்டைகள் இவைதாம். பகைவனோடு நடக்கும் சண்டை அன்று, ஆசிரியரோடு நடக்கும் வாய்மொழித் தேர்வு. வென்றவனுக்குப் பரிசு, விரும்பிய அறைக்குத் தலைவனாகும் உரிமை. எந்த அறை வேண்டும்?

இல்லாத ஓர் அறையைக் கேட்கிறான் அவன். மதிலுக்கு வெளியே இருக்கும் சாதாரண மக்கள், துறவு பூணாதவர்கள், அடி வாங்கிச் சாகிறவர்கள் வந்து கற்பதற்கு ஓர் அறை வேண்டும் என்கிறான். மடத்தார் திடுக்கிடுகிறார்கள். மடம் உலக விவகாரங்களில் தலையிடாது. கலை மதிலுக்குள்ளே இருக்க வேண்டியது. கேட்டது குற்றம் என்று சொல்லி அவனை வெளியே அனுப்பிவிடுகிறார் தலைவர்.

இந்தக் காட்சியை நான் மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். தண்டனை போல அனுப்புகிறார். உண்மையில் அவன் கேட்டதைச் செய்துகொள்ள வழிவிடுகிறார். விதியை மாற்ற முடியாத தலைவர், விதியை மீறக்கூடியவனை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். நிறுவனங்கள் பல நேரங்களில் இப்படித்தான் நல்லது செய்கின்றன என்பதைப் பேராசிரியப் பெருமக்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். வெளியே வந்த சான் தே ஊரூராகச் செல்கிறான். ஆலையில் உழைப்பவன் போன்ற எளியவர்களே அவனுக்கு முதல் மாணவர்களாகிறார்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் வகுப்பில் பாதிப் பேருக்கு இதே நிலைதான். கல்வி என்பது மதிலுக்குள் இருந்த காலம் நம் நாட்டிலும் நெடுங்காலம் இருந்தது. யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. மாவட்டந்தோறும் அரசு கலைக்கல்லூரி என்று ஒன்று எழுந்தது, யாரோ சிலர் இல்லாத ஓர் அறையைக் கேட்டதால்தான். இந்தக் கட்டடத்தின் பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும், எனக்கு இதுதான் முப்பத்தாறாவது அறை. சண்டைப் படத்தில் இவ்வளவு பொருள் தேடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இயக்குநரின் மரபே அந்த அறையிலிருந்து வந்ததுதான். மடம் எரிந்தபின் துறவு பூணாத சீடர்களின் வழியாகவே தங்கள் கலை பிழைத்தது என்பது ஹுங் கார் மரபினர் வழிவழியாகச் சொல்லும் கதை. அது வரலாறா, புனைவா என்பது வேறு செய்தி. அந்தக் கதையை நம்பி வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளை எடுத்த படம் இது என்பது போதும்.

பொருள் தேடியவள் நான் மட்டும் அல்லள். நியூயார்க் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் மலிவுக் கொட்டகைகளில் இந்தப் படங்களை ஆங்கில ஒலியில் பார்த்து வளர்ந்தார்கள். அவர்களுள் சிலர் சேர்ந்த வூ-டாங் கிளான் என்னும் இசைக்குழு, 1993இல் தன் முதல் தொகுப்புக்கு முப்பத்தாறு அறைகள் என்றே பெயர் சேர்த்தது. மதிலுக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்த அறையின் பெயர் உடனே விளங்கிவிட்டது போலும். ஷா நிறுவனத்தின் பழைய படத்தொகுப்பைச் செலஸ்டியல் பிக்சர்ஸ் 2000இல் வாங்கிச் செப்பனிட்ட பிறகு, கீறல் விழாத நல்ல படியாகவே நாமும் இன்று இதைக் காண முடிகிறது.

இவ்வளவு புகழ்ந்த பின் குறையையும் சொல்லாவிட்டால் அது விமரிசனம் ஆகாது. முதற் குறை, பழிவாங்கும் பகுதி. அறைகளில் மணிக்கணக்கில் நம்மை நிறுத்திவைத்த படம், தளபதியை முடிக்கும்போது அவசரப்படுகிறது. லோ லியே தேர்ந்த நடிகர்; அவருக்குப் போதிய வேலை இல்லை. முப்பத்தைந்து அறைகளில் கற்றவனுக்கு எதிரே நிற்க அவரால் எப்படி முடியும்? முடிவு நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இதை இயக்குநரும் உணர்ந்திருப்பார் போலும். 1980இல் எடுத்த இரண்டாம் படத்தில் பழிவாங்கலைக் கழற்றி எறிந்துவிட்டு, கூலி குறைக்கப்பட்ட சாயப் பட்டறைத் தொழிலாளர்களைக் கதையின் நடுவில் வைத்தார். சான் தே என்று பொய் சொல்லித் திரியும் ஒருவன், கார்டன் லியூவேதான், மடத்தைச் சுற்றி மூங்கில் சாரம் கட்டும் வேலைக்கு ஏவப்படுகிறான். சாரம் கட்டிக் கட்டியே கலை அவன் கைக்கு வந்துவிடுகிறது. நகைச்சுவைப் படம்தான். ஆயினும் முதற் படத்தைப் பார்த்தவர்கள் அதையும் பார்க்கலாம்.

இரண்டாம் குறையை நான் எளிதில் விடுவதாயில்லை. முப்பத்தைந்து அறைகளிலும் பெண் இல்லை. துறவியர் மடம், ஆகவே இல்லை என்று ஒப்புக்கொள்ளலாம். யாவருக்கும் திறந்த முப்பத்தாறாவது அறையிலும் என் கண்ணுக்கு ஒரு பெண்ணும் தென்படவில்லையே! அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்வார்கள். அந்தக் காலம் அப்படி அன்று. இதே ஷா நிறுவனம் 1966இலேயே கிங் ஹூ இயக்கிய 'கம் டிரிங்க் வித் மீ' படத்தில் செங் பெய்-பெய் என்ற நடிகையின் கையில் வாளைக் கொடுத்து, ஒரு விடுதி நிறைய முரடர்களை அவர்முன் திணற வைத்திருக்கிறது. லாவ் கார்-லியுங்கும் இதை அறியாதவர் அல்லர். 1981இல் அவர் எடுத்த 'மை யங் ஆன்ட்டி' படத்தில் காரா ஹுய் ஒரு குடும்பத்தின் ஆண்களை எல்லாம் கைத்திறத்தால் நிமிர்த்தி வைக்கிறார். 1982இல் ஹாங்காங் திரைப்பட விருதுகள் முதன்முறையாக வழங்கப்பட்டபோது சிறந்த நடிகைக்கான விருது அவருக்கே கிடைத்தது. கதவைத் திறக்கத் தெரிந்தவர்தான் இந்த இயக்குநர். இந்தப் பக்கத்துக் கதவுக்கு வர அவருக்கு மூன்றாண்டு பிடித்திருக்கிறது.

எங்கள் நுண்கலை மன்றம் ஒவ்வோர் ஆண்டும் கருத்தரங்கக் கூடத்தில் ஒரு படம் திரையிடுகிறது. இவ்வாண்டு இவ்விரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் திரையிட வேண்டும் என்று மன்றப் பொறுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் நாள் எது என்பதில் எனக்கும் மன்றச் செயலருக்கும் இன்னும் வாக்குவாதம் முடியவில்லை.